பெட்டி மேல் ஒரு புகார்

ஆகஸ்ட் 27, 1987 – வியாழன்

தாலுகா ஆபீஸில் இன்று நாற்பத்திரண்டு கடிதம் அடித்தேன். சாயங்காலம் மன்றத்துக்காக ஒரு ஸ்டென்சில் வெட்டினேன். கள்ளக்குறிச்சி இசை அன்பர் மன்றம், ஏழாம் ஆண்டுப் பாட்டுப் போட்டி, செப்டம்பர் 20, ஞாயிறு காலை ஒன்பது மணி. செயலாளர்: கு. மணிமொழி. செயலாளர் என்றால் ஸ்டென்சில் வெட்டுகிறவள், நாற்காலி எண்ணுகிறவள், ஆர்மோனியப் பெட்டியை வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் ஏற்றி வந்து எல்லோருக்கும் வாசிக்கிறவள். கூடவே போட்டியில் பாடுகிறவள். இதை யாரும் தவறென்று சொன்னதில்லை. நான் ஜெயித்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஆறு வருடம் பாடியாகிவிட்டது. ஆறு முறையும் இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசு என்பது ஒரு டபரா செட். ஆறும் அட்டைப் பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கின்றன. முதல் பரிசுக்காரர் பெயரை மண்டப வாசலில் பச்சைப் பலகையில் வெள்ளைப் பெயின்டில் எழுதுவார்கள். முதல் மூன்று வருடம் மாற்றலாகி வந்த அதிகாரிகளின் மனைவிமார். அடுத்த மூன்று வருடம் மன்றத் தலைவர் வீரமுத்துவின் மகள் விஜயலட்சுமி. இந்த வருடம் வந்திருக்கிற அதிகாரி பிரம்மச்சாரி. ஒரு தடை நீங்கியது.

விதி 4: பெண்கள் பிரிவில் போட்டி நாளன்று முப்பத்தைந்து வயது முடியாதவர்களே பாடலாம். எனக்கு செப்டம்பர் 28-ல் முடிகிறது. எட்டு நாள் வித்தியாசத்தில் தப்பித்தேன். இதுதான் கடைசி. பலகையில் என் பெயர் வந்தால் இந்த வருடம் வரவேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

ஆகஸ்ட் 31 – திங்கள்

வெள்ளிமலையிலிருந்து நிர்மலாவின் விண்ணப்பம் வந்தது. கூடவே, வழக்கம்போல, ஒரு மனு.

மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறவள். இருபத்து நாலு வயது. 84, 85, 86 மூன்று வருடமும் பஸ் பிடித்து இறங்கி வந்து பாடினாள். மூன்று வருடமும் முதல் சுற்றிலேயே வெளியே போனாள். மதிப்பெண் தாளில் ‘சுருதி சேரவில்லை.’ ஒவ்வொரு தடவையும் ஊர் திரும்பியதும் ஒரு மனு எழுதுவாள். இந்தத் தடவை பாடுவதற்கு முன்பே எழுதிவிட்டாள்.

“நான் பள்ளிக்கூட ரேடியோவில் தம்புரா கேட்டுப் பழகியவள். என் சுருதி விலகவில்லை. தங்கள் பெட்டிதான் விலகியிருக்கிறது. பெட்டியைப் பரிசோதிக்குமாறு நான்காவது முறையாக வேண்டுகிறேன்.”

கமிட்டியில் வாசித்தேன். வீரமுத்து ஐயா சிரித்தார். “மலக்காரப் பொண்ணு, அதுக்கு சுருதி இன்னா தெரியும், பெட்டி இன்னா தெரியும்?” மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு வழக்கமான பதிலை அடித்தேன்: தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

பெட்டி என்னுடையது. அதில் ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 5 – சனி

மத்தியானம் எட்டுப் பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். ஊரில் பெண்கள் பாடிப் பழக என் பெட்டி ஒன்றுதான் உண்டு. கட்டாய ராகம் கல்யாணி. பெண்கள் பிரிவு முழுக்க ஒரே சுருதி, ஐந்து கட்டை. எல்லோரும் பெட்டியைத் தொட்டுக்கொண்டு, பெட்டி போகிற வழியில் போனார்கள். நி-யில், அதாவது நிஷாதத்தில், வந்து நின்றால் எட்டுக் குரலும் ஒரே குரல்தான். கேட்க நிறைவாக இருந்தது.

84-ல் கடலூர்ப் பக்கமிருந்து வந்த நடுவர் ஒருவர் போகும்போது சொன்னார்: “உங்க ஊரு நிஷாதம் கொஞ்சம் தூங்குதுங்க.” நாங்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம். அடுத்த வருட நோட்டீஸில் ‘நம் வட்டாரத்துக்கே உரிய நிஷாதம்’ என்று வீரமுத்து ஐயா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். இன்றுவரை அந்த வரி இருக்கிறது.

செப்டம்பர் 9

தொண்டை கட்டிவிட்டது. மிளகு, வெந்நீர், மௌனம். ஆபீஸில் என் மௌனத்தைப் பணிவு என்று நினைத்து மூன்று பேர் கூடுதல் வேலை கொடுத்தார்கள்.

செப்டம்பர் 13 – ஞாயிறு

தம்பி இளஞ்செழியன் பி.காம் முடித்து ஐந்து வருடம் ஆகிறது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் கார்டைப் புதுப்பிப்பதுதான் உத்தியோகம். அப்பா அம்மா கச்சிராயபாளையத்தில் கரும்போடு இருக்கிறார்கள். இங்கே வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வருவது நின்று நான்கு வருடம். பெட்டி நிற்கவில்லை.

இன்று சாப்பிடும்போது சொன்னான். “வியாழக்கெழமலேர்ந்து மறியல்க்கா. எட ஒதுக்கீட்டுக்கு. ஒரு வாரம். ஒரு வண்டி ஓடாது.”

“ஞாயித்துக்கெழம எனக்குப் போட்டிடா.”

“கவர்மென்ட்டுக்குச் சொல்லிட்டோம். உனக்குச் சொல்ல மறந்துட்டோம்.”

“ரோட்டுல மரத்த வெட்டிப் போடறதுக்கு ஒரு மனு குடுக்கறதுதான?”

சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினான். “எத்தினி வருசமா குடுத்துக்கினு இருக்கறோம், தெரியுமா? எல்லாத்துக்கும் ஒரே பதிலு. பரிசீலனையில் உள்ளது. அந்த வரிய அடிச்சு அனுப்பறான் பாரு, அவன் கைய ஒடிக்கணும்.”

நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். ரசம் ஊற்றும்போது வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

செப்டம்பர் 17 – வியாழன்

பஸ் இல்லை. லாரி இல்லை. தபால் இல்லை. ஆபீஸுக்கு நடந்து போனேன். மொத்தம் நான்கு பேர் வந்திருந்தோம். நாலு பேரும் ஒருவரையொருவர் எதற்கு வந்தாய் என்று கேட்டுக்கொண்டோம்.

சங்கராபுரம் ரோட்டில் புளியமரம் கிடக்கிறதாம். தியாகதுருகம் பக்கம் ரோட்டையே வெட்டிவிட்டார்களாம். நடுவர்கள் வருகிற வழி அதுதான். தம்பி நேற்றே போய்விட்டான். கொல்லையில் கோடாலியைக் காணவில்லை. என் போட்டிக்கு நடுவர் வராமல் போனால் அதற்குக் காரணம் என் வீட்டுக் கோடாலி.

செப்டம்பர் 18 – வெள்ளி

காலையில் டிரங்க் கால். மூன்று நடுவர்களும் வர முடியாது. அதைவிடப் பெரிய செய்தி: விஜயலட்சுமி பாண்டிச்சேரி காலேஜ் ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டாள்.

சந்தோஷப்படக் கூடாது. பட்டேன்.

சாயங்காலம் அவசரக் கமிட்டி. வீரமுத்து ஐயா, “அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு வச்சுக்கலாம். வெளியூரு பசங்க எல்லாம் பாவம்” என்றார். வெளியூர்ப் பசங்கள் மீது அவருக்கு இவ்வளவு இரக்கம் இருந்தது எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் என்றால் எனக்கு வயது முடிந்துவிடும். 

விதிப் புத்தகத்தைப் பிரித்து விதி 11-ஐ வாசித்தேன். ‘எக்காரணம் கொண்டும் போட்டி ஒத்திவைக்கப்பட மாட்டாது.’ போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் தள்ளிவைக்கச் சொன்னபோது அவரே சேர்க்கச் சொன்ன விதி அது. நான்தான் அடித்தேன், நூற்று மூன்று டிகிரியோடு.

“சரி. நடுவருக்கு எங்க போறது?”

“நான் கூட்டினு வர்றேன்.”

“போட்டில பாடறவளே நடுவரக் கூட்டினு வர்றதா? நல்லாக் கீது நியாயம்.”

“மூணு வருசமா நடுவருங்க பாடறவங்க வூட்டுலதான சாப்பிட்டாங்க.”

இதை மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். எல்லோரும் வீரமுத்து ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் பொருளாளர் தொண்டையைச் செருமி, “மணிமொழி போகட்டுங்க. அதுக்குத்தான் ரெண்டாம் பரிசு எப்பவும் நிச்சயமாச்சே, அதுக்கு இன்னா லாபம்” என்றார். உதவி செய்தாரா, குத்தினாரா என்று இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 19 – சனி, மத்தியானம்

பஸ் ஸ்டாண்டில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஊரில் பாடுகிற யாருக்கும் சொந்தமில்லாதவர்கள் அவர்கள்தான். எங்கள் ஊரில் வேறு எங்கே தேடினாலும் மாமன் மச்சான்தான் கிடைப்பார்கள். ஒவ்வொருவரிடமும், “உங்களுக்குச் சங்கீதம் தெரியுமா?” என்று கேட்டேன். “சாப்பாடு உண்டா?” என்று திருப்பிக் கேட்டார்கள். உண்டு என்றதும் எல்லோருக்கும் சங்கீதம் தெரிந்தது.

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தேன். மாயவன், நாயனக்காரர், புரட்டாசி முதல் சனிக்கு ஒரு பெருமாள் கோயிலில் வாசிக்கப் போனவர். பெருமாள் இன்று நாயனம் இல்லாமல் இருக்கிறார். ராணியம்மாள், ஆத்தூர் போக வேண்டிய நர்ஸ். கச்சேரி என்றால் உயிர் என்றார். மூன்றாமவர் எடை அளவு ஆய்வாளர். சங்கீதம் தெரியாது என்று உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர். அதற்காகவே எடுத்தேன்.

மண்டபத்தில் திரை கட்டி வைத்திருப்பதைக் காட்டினேன். பாடுகிறவர் திரைக்குப் பின்னால். பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். ஆய்வாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிறகு கேட்டார்: “பெட்டிய யார் பரிசோதிச்சது?”

“யாரும் பரிசோதிக்கிறதில்லைங்க.”

“தராசப் பாக்காம நான் எட போட்டதில்லைங்க. இருபத்திரண்டு வருச சர்வீஸ். நாளைக்குக் காலைல நாயனக்காரரு பாக்கட்டும்.”

“நானே பார்த்து எடுத்து வர்றேன்” என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். இது என் நோட்டுதானே. 81 ஆகஸ்டில் பெட்டியில் நி ஒலிக்கிற ரீடு, அந்தப் பித்தளை நாக்கு, கரகரக்க ஆரம்பித்தது. சரிசெய்ய ஆள் வேண்டுமென்றால் விழுப்புரம் போகவேண்டும். ஆபீஸில் உறைக்கு முத்திரை வைக்கிற அரக்கு கையில் இருந்தது. ஒரு சொட்டு உருக்கி ரீடின் நுனியில் வைத்தேன். கரகரப்பு நின்றது. முதல் நாள் நி கொஞ்சம் இறங்கிக் கேட்டது. இரண்டாம் நாள் அவ்வளவாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் சரியாகவே இருந்தது. அதன் பிறகு ஊரே அதில் பழகியது.

மறந்துவிட்டேன் என்று எழுத முடியுமா? ஒவ்வொரு மனு வரும்போதும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வரியை அடித்தேன்.

இப்போது அரக்கைச் சுரண்டினால் நி தன் இடத்துக்கு ஏறும். என் தொண்டை பழைய இடத்திலேயே நிற்கும். சுரண்டாவிட்டால், விஜயலட்சுமி இல்லாத போட்டியில், நாளைக்கு முதல் பரிசு எனக்குத்தான். நாயனக்காரருக்குச் சந்தேகம் வந்தாலும் பெட்டியோடு சேர்ந்துதானே மார்க் போடவேண்டும்.

ஆறு வருடம்! நான் என்ன திருடினேனா? ஒரு சொட்டு அரக்கு. யார் வைக்க மாட்டார்கள்?

அதே நாள், சாயங்காலம்

வாசலில் நிர்மலா நிற்கிறாள். நோட்டீஸில் இருந்த செயலாளர் விலாசத்தைக் கேட்டுக்கேட்டு வந்திருக்கிறாள். நேற்று விடிகாலை வெள்ளிமலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் யார் வீட்டிலோ தங்கி, இன்று இங்கே. முழுக்க நடை. செருப்பு கையில் இருக்கிறது, காலில் இல்லை.

“வழில மரத்துகிட்ட உக்காந்துக்கினு இருந்தாங்க. பாட்டுப் போட்டிக்குப் போறன்னு சொன்னன். ஒருத்தரு எழுந்து வந்து மரத்தத் தாண்ட கை குடுத்தாரு. உங்க தம்பியாம். நல்லாத்தான் கீறாரு. ஊறுகா இருந்தா குடுத்தனுப்பச் சொன்னாரு.”

சோறு போட்டேன். சாப்பிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 20 – ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கொல்லைப் பக்கம் பெட்டியைக் கொண்டுபோய் மூடியைக் கழற்றினேன். ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது. காலில் இல்லாத செருப்பு ஞாபகம் வந்தது. தம்பி சொன்ன கை ஞாபகம் வந்தது. இதையெல்லாம் எழுதினால் பெரிய மனுஷி மாதிரி இருக்கிறது. உண்மையில், பலகையில் என் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அரக்கும் சேர்ந்து தெரியுமே என்ற பயம்தான்.

ஊக்கால் சுரண்டினேன். ஆறு வருட அரக்கு அவ்வளவு லேசில் வரவில்லை. அப்புறம் ரீடின் இடுக்கில் இருந்த தூசியைத் தட்டினேன். கரகரப்பும் இல்லை. அன்றைக்கு வெறும் தூசிதான் போலிருக்கிறது. அரக்கே தேவைப்பட்டிருக்காது.

நிமிர்ந்தால் பல் குச்சியோடு நிர்மலா.

“இன்னாக்கா அது, செவப்பா?”

“அரக்கு.”

“பெட்டில யாரு அரக்கு வச்சது?”

“நான்தான்.”

குச்சியைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள். “வெந்நி இருக்குதா? கால் வலிக்குது” என்றாள். வைத்துக் கொடுத்தேன்.

முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்ததில் ஒன்பது பேர் வந்தார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் நான்தான் வாசித்தேன். ஒவ்வொருத்தியும் நி-க்கு வந்ததும் பெட்டி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஒருத்தி பாட்டை நிறுத்தி என்னை முறைத்தாள். இன்னொருத்தி அழுதுவிட்டாள். நான் பழக்கிவிட்ட பிள்ளைகள். யார் முகத்தையும் பார்க்கவில்லை, கட்டைகளைப் பார்த்தபடியே வாசித்தேன்.

டோக்கன் 6 நான். எனக்கு நானே வாசித்தேன். நி வருகிறது, மேலே போ, மேலே போ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தொண்டை கேட்கவில்லை. பழைய படியிலேயே உட்கார்ந்தது. நான் விலகுவதை என் காதால் நானே கேட்டேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

டோக்கன் 7 நிர்மலா. சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். நி-யில் போய் நின்றபோது பெட்டியும் குரலும் ஒன்றாகிவிட்டன. பெட்டி வாசிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை; துருத்தியை நிறுத்திப் பார்த்தேன், குரல் மட்டும் அங்கேயே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. பொறாமைதான். வேறு பெயர் வைக்க வேண்டாம்.

முதல் பரிசு, டோக்கன் 7. இரண்டாம் பரிசு, டோக்கன் 6. எல்லோரும் விலகினார்கள், நான் அரை மார்க் கம்மியாக விலகினேனாம். அரை மார்க் போட்டவர் ஆய்வாளர்.

திரையை அவிழ்த்ததும் வீரமுத்து ஐயா எழுந்துவிட்டார். “மலக்காரப் பொண்ணா? பெட்டில ஏதோ பண்ணி வச்சிருக்காங்க. இந்த ஊர்ல எல்லாப் பொண்ணும் ஒரே மாதிரி பாடுது, இது ஒண்ணுதான் வேற மாதிரி பாடுது. அப்ப ஊரே தப்பா?”

“ஊருதாங்க தப்பு” என்றார் மாயவன். கோபமில்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது மாதிரி.

மண்டபம் முழுக்க என் பெட்டியைப் பார்த்தது. எழுந்து நின்றேன்.  “பெட்டில பண்ணது நான்தாங்க. இன்னைக்கு இல்ல. எம்பத்தொண்ணுல. ஒரு சொட்டு அரக்கு வச்சேன். இன்னைக்கிக் காலைல எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு மூணு வருசமா சொன்னது நெசம். நாம நம்பல. நான் – நான் நம்பினேன், சொல்லல.”

 ராணியம்மாள் மட்டும் எனக்குத் தண்ணீர் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஜாஸ்தியா அடிக்குது, உக்காரு” என்றார்.

நிர்மலா கிளம்பும்போது கிட்டே வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன், எழுதவே வெட்கம். “வாயால சொன்னது காத்தோட பூடும்க்கா. எழுத்துல குடுங்க” என்றாள். தம்பிக்கு ஊறுகாய் வாங்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 22

ரேடியோவில் துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். செத்தவர்கள் கணக்கு ஒவ்வொரு செய்திக்கும் மாறுகிறது. தம்பியிடமிருந்து தகவல் இல்லை. டே, எங்கடா இருக்க?

செப்டம்பர் 24

பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. கூடவே செய்தியும் வந்தது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், கடலூர் ஜெயிலில் இருக்கிறான், அடி இல்லை. அடி இல்லை என்பதை மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஊறுகாய் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 27 – ஞாயிறு

கமிட்டி. என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றார் வீரமுத்து ஐயா. நீக்கக் கடிதத்தை யார் அடிப்பது என்று பொருளாளர் கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நோட்டீஸிலிருந்து ‘நம் வட்டாரத்துக்கே உரிய நிஷாதம்’ மட்டும் நீக்கப்படுகிறது.

பெயின்டர் வந்து பலகையில் எழுதிவிட்டுப் போனான். 1987 – நிர்மலா, வெள்ளிமலை. போகும்போது பார்த்தேன். வரும்போது பார்க்கவில்லை.

செப்டம்பர் 28 – திங்கள்

முப்பத்தைந்து முடிந்தது. வாழ்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆபீஸ் முடிந்ததும் மன்றத்து லெட்டர்பேடில் இதை அடித்தேன்:

“பார்வை: தங்கள் 1984, 1985, 1986, 1987 ஆண்டு மனுக்கள். தங்கள் மனுக்கள் பரிசீலிக்கப்பட்டன. பெட்டியில் குறை இருந்தது உண்மை. தாங்கள் சுருதி விலகவில்லை. குறைக்குக் காரணம் செயலாளர். பதில் தாமதத்துக்கும் காரணம் செயலாளர். – கு. மணிமொழி, செயலாளர்.”

ஐந்து தடவை கிழித்து ஆறாவது சரியாக வந்தது. உறைக்கு அரக்கு வைக்கவில்லை. பசைதான்.

அக்டோபர் 9 – வெள்ளி

தம்பி வந்துவிட்டான். தாடி. பாதி உடம்புதான் இருக்கிறது. “போட்டி இன்னாச்சுக்கா?” என்றுதான் முதலில் கேட்டான். சொன்னேன், அரக்கு உட்பட எல்லாம்.  “அப்ப ஒடிக்க வேண்டிய கை இதுதானா?” என்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு காபி கேட்டான்.

பரணிலிருந்து ஒரு டபரா செட்டை இறக்கிப் பிரித்தேன். “இதெல்லாம் எதுக்கு இத்தினி நாளா பூட்டி வச்சிருந்த?” என்றான். அதில் காபியை ஆற்றிக் கொடுத்தேன்.

அக்டோபர் 14 – புதன்

வெள்ளிமலைத் தபால். உள்ளே இரண்டு காகிதம்.

முதல் காகிதம்: “பதில் கிடைத்தது. நான்கு மனுவுக்கும் சேர்த்து ஒரே பதில் எழுதியிருப்பது சரியல்ல. ஒவ்வொரு வருடமும் தனித்தனியாக நடந்து வந்தேன், தனித்தனியாகத்தான் எழுதினேன். தனித்தனியாகப் பதில் வேண்டும்.” பஸ்ஸில் வந்ததை நடந்து வந்தேன் என்று எழுதியிருக்கிறாள். மறுக்கிற இடத்தில் நான் இல்லை.

இரண்டாவது காகிதம், புதிய மனு: “விதி 4-ல் உள்ள வயது வரம்பை நீக்குமாறு வேண்டுகிறேன். காரணம்: செயலாளர் கு. மணிமொழி ஆறு வருடம் கோணல் பெட்டியில் பாடியவர். நேரான பெட்டியில் ஒரே ஒரு நாள்தான் பாடியிருக்கிறார். நான் பாடியது நான் பழகிய சுருதியில். அவர் பாடியது பழகாத சுருதியில். இதை நான் ஜெயித்ததாகக் கணக்கில் வைக்கவில்லை. அடுத்த வருடம் அவர் பாட வேண்டும். அப்போது ஜெயித்தால் ஜெயித்ததாக வைத்துக்கொள்கிறேன்.”

மூன்று முறை படித்தேன். தம்பி, “இன்னாக்கா, திட்டி எழுதியிருக்காளா?” என்றான். ஆமாம் என்றேன்.

நான்கு பதில்களையும் தனித்தனியாக அடித்தேன். பிறகு புதிய மனுவைப் பதிவேட்டில் ஏற்றினேன். ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் கை தானாகவே ‘பரி’ என்று எழுதிவிட்டது. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘ஞாயிறு கமிட்டியில் செயலாளர் வாசிப்பார்’ என்று எழுதினேன். வீரமுத்து ஐயா என்ன சொல்வார் என்று தெரியும். வாசிப்பேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து நி-யில் விரலை வைத்துப் பாடினேன். கீழே நின்றது. மறுபடி பாடினேன், கீழே. பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். ஒரு தடவை பெட்டி காணாமல் போன மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன். அடுத்த தடவை பழையபடி கீழே.

“முந்தின வாட்டி சரியா இருந்துச்சுக்கா” என்றான் தம்பி உள்ளேயிருந்து. அவனுக்குச் சங்கீதம் தெரியாது. இருந்தாலும் இன்னொரு தடவை பாடினேன்.